பாதிக் கிணற்றில் விழுந்த வெயில்

நம் வயதுக்காரர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது அதை எடுத்து விடுவார்கள். எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆனாலும் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பார்கள். கதைக்கு உரிய ஆளும் அங்கேயே உட்கார்ந்துகொண்டு, போதும் போதும் என்று கையை ஆட்டுவார். எங்கள் வீட்டில் அந்தக் கதை என் அத்தையுடையது. கல்யாணத்துக்கு முன்னால் அத்தை அடுத்த வீட்டில் தங்கியிருந்த எஞ்சினீயரிங் மாணவனைக் காதலித்தாளாம். கிணற்றடியிலிருந்து கண்ணாடி காட்டிச் சைகை செய்தாளாம். கையும் களவுமாகப் பிடிபட்டாளாம்.

எனக்கு இந்தக் கதை பிடிக்காது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. நடந்தது எதுவோ, அதன் பக்கத்தில் இருந்தவள் நான். அந்தக் கண்ணாடியைப் பிடித்த கைகளில் என்னுடையதும் உண்டு. ஆனால் இத்தனை வருஷமாக நான் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. உங்களிடமாவது சொல்லி வைக்கிறேன்.

அப்போது நாங்கள் மலையாள தேசத்துத் தலைநகரில், கோட்டைக்குள், கோயிலை ஒட்டிய தெருக்களில் ஒன்றில் இருந்தோம். இன்று அங்கே போனால் துணிக் கிடங்கும் ஓட்டலுமாக இருக்கிறது. அன்று வரிசையாக வீடுகள். ஒரு வீட்டின் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். சுவர் மட்டுமில்லை, கிணறும் பொது. எந்தக் காலத்துப் பாகப் பிரிவினையோ, கொல்லை முற்றத்தின் நடுச்சுவர் நேராக வந்து கிணற்றின் வாய்மேலேயே ஏறி, ஒரு கருங்கல் உத்தரத்தின் மேல் நின்று அந்தப் பக்கம் போய்விடும். கிணற்று வாயில் பாதி எங்களுக்கு, பாதி அடுத்த வீட்டுக்கு. தண்ணீருக்குச் சுவர் கிடையாது. நாங்கள் வாளியை இறக்கும் நேரத்தில் அவர்களும் இறக்கினால் இரண்டும் கீழே முட்டிக்கொள்ளும். ஆள் தெரியாது, வாளி தெரியும். அவர்கள் கயிறு ஆடினால் நாம் கொஞ்சம் பொறுக்க வேண்டும், கிணற்றுக்குள் குனிந்து பேசக்கூடாது என்று சில மரியாதைகளும் உண்டு. கிணற்றுக்குள் பேசினால் அந்த வீட்டு அடுக்களை வரை கேட்கும்.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. அவர்களுடைய அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். எனக்கு நாலாம் வகுப்பு முடிந்த அந்த வேனல் லீவில் அவள் ப்ரீ டிகிரி பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். பாஸானால் பெண்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ். அப்பாவே அதற்குச் சரி என்று சொல்லியிருந்தார். எங்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் ஃபிசிக்ஸ் படிக்கப் போனதில்லை. அத்தை அதைப் பற்றி அதிகம் பேசமாட்டாள். பேசினால் கண் பட்டுவிடுமோ என்று பயம் போலிருக்கிறது.

மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசுவாள். "எனக்கொரு சம்சயம்" என்றுதான் ஆரம்பிப்பாள். தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் உடனே ஆவியாகாமல் ஏன் முத்து முத்தாக ஓடுகிறது? தாழ்வாரத்தில் கட்டெறும்பு வரிசையை விரலால் அழித்தால் எறும்புக்கு ஏன் வழி மறந்துபோகிறது? காய்ந்த வேட்டியைவிட ஈர வேட்டி ஏன் கறுப்பாகத் தெரிகிறது? பதில் தெரிந்துவிட்டால் அன்று முழுவதும் முகம் மலர்ந்திருக்கும். தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் மலர்ந்திருக்கும். "இவ சம்சயத்துக்கெல்லாம் நின்னு பதில் சொன்னா என் அடுப்பு அணைஞ்சுடும்" என்று அம்மா ஓடிவிடுவாள். எனக்கு அணைவதற்கு அடுப்பு எதுவும் இல்லை. நான் அத்தையின் தாவணியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே திரிந்தேன்.

சித்திரை விஷுவுக்கு இரண்டொரு நாள் முன்னால் எங்கள் கிணற்றுக் கயிறு அறுந்து வாளி உள்ளே விழுந்தது. பாதாளக்கரண்டி என்றால் உங்களுக்குத் தெரியாமலிருக்காது. இரும்பு வளையத்தில் கொத்துக் கொத்தாகக் கொக்கிகள் தொங்கும், கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினால் விழுந்தது மாட்டிக்கொண்டு வரும். எங்கள் தெருவில் அது அடுத்தாத்து மாமியிடம் மட்டும்தான் இருந்தது. ஒரு பாத்திரத்தைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டில் வைத்துவிட்டுத்தான் கரண்டியை எடுத்து வரவேண்டும். கரண்டியைத் திருப்பிக் கொடுத்தால் பாத்திரம் திரும்பி வரும். மாமி கறாரானவள் என்பதற்காக இல்லை, எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம். அம்மா பித்தளைக் கூஜாவைக் கொடுத்தனுப்பினாள். நான் கரண்டியோடு வந்தேன்.

உச்சி வேளை. அத்தை கயிற்றை இறக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு என் கழுத்தைப் பிடித்துக் கிணற்றுக்குள் காட்டினாள். எப்போதும் கறுப்பாகக் கிடக்கும் கிணறு அன்று அடிவரை வெளிச்சமாக இருந்தது. பக்கவாட்டில் நிழலே இல்லை. சூரியன் நேராக உள்ளே இறங்கி உட்கார்ந்திருந்தது. கல்லிடுக்கில் முளைத்த பெரணியின் ஒவ்வொரு இலையும் தெரிந்தது. கொசுவுக்காக விட்டிருந்த மீன்கள் மேலே நீந்த, அவற்றின் நிழல்கள் அடிமணலில் தனியாக நீந்தின. மணலில் எங்கள் வாளி. அதைச் சுற்றி ஒரு கரண்டிக் காம்பு, பித்தளை மூடி, சோப்புப் பெட்டி, என்னவென்று தெரியாமல் மினுங்கிய ஏதேதோ.

"அடியில யாரோ கடை போட்டிருக்காடி" என்றாள் அத்தை. நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டதற்கு இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் அந்தச் சந்தோஷம் எனக்கு வருகிறது. அதற்கு அப்புறம் எத்தனையோ ஊர் பார்த்தேன், மலை பார்த்தேன், கல்லாற்றில் காலை நனைத்துக்கொண்டு பேரக்குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டேன். அந்தக் கிணற்றடியில் கிடைத்தது மறுபடியும் கிடைக்கவில்லை.

அரைமணியில் வெளிச்சம் ஏறிப் போய்விட்டது. அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கியது. அத்தைக்கு முதல் நாளே சம்சயம் பிடித்துக்கொண்டது. கிணற்றுக்குப் பக்கத்தில் இடுப்புயரத்துக்கு ஒரு கல்தூண் இருந்தது, கயிற்றைச் சுற்றிக் கட்டுவதற்கு. தினமும் உச்சி வேளையில் அதன் நிழல் முடியும் இடத்தில் அத்தை அடுப்புக் கரியால் ஒரு கோடு போட ஆரம்பித்தாள். மேத்தன் மணி பன்னிரண்டு அடித்ததும் ஓடுவோம். கோட்டைக்குள் இருக்கும் அந்தக் கடிகாரத்தில் ஒரு தாடிக்கார முகம் வாயைத் திறக்க, இரண்டு ஆடுகள் கன்னத்தில் முட்டும். அத்தைக்கு அதிலும் திருப்தி இல்லை. "மணி அடிச்சதுக்கு அப்புறமும் நிழல் குறைஞ்சுண்டே இருக்குடி. ஆட்டுக்கு அவசரம், சூரியனுக்கு இல்லை" என்பாள். அதனால் வெயிலில் காத்து நின்றோம். என் உள்ளங்கால் கொப்பளித்தால் விளக்கெண்ணெய் போட்டுவிடுவாள்.

விஷு கழிந்ததும்தான் அது நடந்தது. அதுவரை வடக்குப் பக்கம் விழுந்துகொண்டிருந்த உச்சி நிழல், ஒன்றுமில்லாமல் போய், பிறகு தெற்குப் பக்கம் எட்டிப் பார்த்தது.

"கட்சி மாறிடுத்து பாரு" என்றாள் அத்தை. "நிழல் தெக்கே விழறது. அப்படின்னா சூரியன் நம்ம தலையைத் தாண்டி வடக்கே போயிடுத்துன்னு அர்த்தம். மனசிலாச்சோ?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டினேன்.

"போனது திரும்பி வரணுமோல்லியோ? ஆனியில திரும்பும். அப்போ போன அதே நாள் கணக்குல வந்தா..." விரல்களை மடக்கி எண்ணினாள். "ஆவணி நடுவில. ஆவணி நடுவில மறுபடியும் கிணத்துக்குள்ள வெயில் இறங்கும்டி. நான் சொல்றேன், நீ பாரு."

இதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரிய விஞ்ஞானிகளுக்கு எப்போதோ தெரிந்த சங்கதிதான். ஆனால் எங்கள் கொல்லையில் அதைக் கண்டுபிடித்தது என் அத்தை. ஆவணி எப்போது வரும் என்று எனக்கும் அன்றிலிருந்து காத்திருப்பு தொற்றிக்கொண்டது.

அதற்குள் அடியில் இருக்கும் கடையை என்ன செய்வது? வெயில்தான் ஒதுங்கிவிட்டதே. அப்பா சவரம் செய்யும் கண்ணாடியை அத்தை எடுத்து வந்தாள். வெயிலைப் பிடித்துக் கிணற்றுக்குள் திருப்பினால் ஒரு வட்டம் அடிமணலில் போய் விழுந்தது. நான் கண்ணாடியைப் பிடிக்க, அவள் பாதாளக்கரண்டியை ஆட்டி ஆட்டி ஒவ்வொன்றாக எடுத்தாள். என்றைக்கோ தொலைந்த என் சொப்புச் சாமான் ஒன்று வந்தது. அம்மாவின் வெள்ளிக் குங்குமச் சிமிழ் வந்தது. அதைத் திருடினாள் என்று ஒரு வேலைக்காரியை வேலையை விட்டு நிறுத்திவிட்டோமே என்று அம்மா முணுமுணுத்தாள், முகம் சிறுத்துப் போயிற்று. யார் வீட்டுக் கரண்டி, யார் வீட்டு மூடி என்று தெரியாதவற்றை நடுச்சுவர் மேல் வரிசையாக வைத்தோம். மாமியின் கை மேலே வந்து தடவிப் பார்த்து எடுத்துக்கொள்ளும்.

கரண்டியைத் தினமும் இரவல் வாங்கினோம். கூஜா தினமும் அங்கே போய் வந்தது. இதில் ஒரு வினையும் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் அத்தை இன்னொன்றைக் கவனித்தாள். கண்ணாடியிலிருந்து இறங்கும் வெளிச்சம் முழுவதும் அடிக்குப் போகவில்லை. கொஞ்சம் தண்ணீரில் பட்டு, உத்தரத்துக்குக் கீழே புகுந்து, அடுத்த வீட்டுப் பக்கம் ஏறிப் போனது. "சாய்ச்சுப் பிடி. இன்னும் கொஞ்சம். எவ்வளவு சாய்ச்சா எவ்வளவு தூரம் ஏறறதுன்னு பார்க்கலாம்" என்றாள். நான் சாய்த்தேன், நிமிர்த்தினேன். வெளிச்சம் அந்தப் பக்கம் எங்கே போய் விழுந்தது என்று எங்களுக்குத் தெரியாது. சுவர்தான் நடுவில் இருக்கிறதே.

அது விழுந்த இடம் அடுத்த வீட்டுக் கிணற்றடி அறையின் சுவர். அந்த அறையில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு எஞ்சினீயரிங் மாணவன் தங்கியிருந்தான். பரீட்சைக்காக லீவிலும் ஊருக்குப் போகாமல் படித்துக்கொண்டிருந்தான். மாமி அவனுக்குச் சாதம் கொண்டுபோனபோது அவன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். சுவரில் ஒரு வெளிச்சம் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்ததாம்.

மாமி சத்தம் போடவில்லை. எங்கள் தெருவில் யாரும் இந்த மாதிரி விஷயத்துக்குச் சத்தம் போடமாட்டார்கள். அன்று சாயங்காலம் எங்கள் கூஜாவைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். கரண்டியை நாங்கள் இன்னும் திருப்பவில்லை. பாத்திரம் தானாக வீடு தேடி வந்தால் அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு.

"கரண்டியை நீங்களே வெச்சுக்கோங்கோ" என்றாள் மாமி. "இனிமே கேட்டு அனுப்ப வேண்டாம். எங்காத்துல படிக்கிற பையன் இருக்கான். உங்காத்துல வயசுப் பொண்ணு இருக்கா. நான் ஒண்ணும் சொல்லலை, கேட்டேளா."

ஒன்றும் சொல்லாமலேயே எல்லாம் சொல்லியாயிற்று. தினமும் கிணற்றில் என்னதான் விழுகிறது என்று மாமி யோசித்திருக்கிறாள். வேண்டுமென்றே எதையாவது போட்டுவிட்டு எடுக்கிற சாக்கில் நிற்கிறார்கள் என்று முடிவு கட்டியிருக்கிறாள். சுவர்மேல் நாங்கள் வரிசையாக வைத்த மூடியும் கரண்டியும்கூட அவளுக்குத் தூதாகத் தெரிந்திருக்கிறது. பாவம், அவளுடைய புத்தியும் நன்றாகத்தான் வேலை செய்தது. தப்பான கணக்குக்குச் சரியான விடை போட்டுவிட்டாள்.

அப்பா ஆபீஸிலிருந்து வந்ததும் அம்மா சொன்னாள். அப்பா கிணற்றடிக்குப் போனார். பல நாளாகத் தேடிக்கொண்டிருந்த அவருடைய சவரக் கண்ணாடி துளசி மாடத்தில் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"இது எப்படி அங்கே போச்சு?"

"நான்தான் அண்ணா எடுத்தேன். வெயிலைக் கிணத்துக்குள்ள..."

"அந்தப் பக்கம் யாரு இருக்கான்னு தெரியுமோ உனக்கு?"

"மாமி இருக்கா."

"வேற?"

அத்தை விழித்தாள். அப்பாவுக்கு அந்த விழிப்பே சாட்சியாகப் போயிற்று. அவள் அவசர அவசரமாக விளக்க ஆரம்பித்தாள். "அண்ணா, வந்து பாருங்கோ, கரியால கோடு போட்டிருக்கேன். நிழல் தெக்கே விழறது. ஆவணியில மறுபடியும் நேரா இறங்கும்..." கேட்கிறவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இன்று எனக்குப் புரிகிறது. தங்கை காதல் விவகாரத்தில் மாட்டிக்கொண்டாளா என்று ஒரு மனிதர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கேட்கிறார், அவள் சூரியன் வடக்கே போயிற்று என்கிறாள்.

நான் சும்மா இருக்கவில்லை. அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்து, "அப்பா, நிஜம்மா. நான்தான் கண்ணாடி பிடிச்சேன். நாங்க மீனோட நிழலைப் பார்த்தோம்" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். "குழந்தையையும் பொய் சொல்லப் பழக்கிட்டியே" என்றார்.

அப்பா கொடுமைக்காரர் இல்லை. உங்கள் அப்பாக்களைப் போலத்தான் அவரும். பெற்றோர் இல்லாத தங்கை, நாலு பேர் வாயில் விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று பயந்தார். மறுநாள் எங்கள் பாதிக் கிணற்றின் மேல் தகரம் வந்தது, வாளி இறங்க மட்டும் ஒரு சதுரம் விட்டு. அம்மா சாணி போட்டு முற்றத்தை மெழுகினாள், கரிக்கோடுகள் போயின. ஜாதகம் வெளியே போயிற்று. டில்லியில் மத்திய சர்க்கார் வேலை, நல்ல குடும்பம், பையனுக்குக் கெட்ட பழக்கம் கிடையாது. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணம் செய்ய முடியாது என்று ஆனிக்குள்ளேயே முகூர்த்தம் வைத்துவிட்டார்கள். நடுவில் ப்ரீ டிகிரி முடிவு வந்தது. முதல் வகுப்பு. அம்மா சேமியாப் பாயசம் வைத்தாள். கல்லூரியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அத்தையும் எடுக்கவில்லை. பாயசத்தை முழுவதும் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

கல்யாணத்தன்று உச்சி வேளையில் மண்டபத்திலிருந்து கிளம்பினார்கள். கார் வரை வெயிலில் நடக்க வேண்டும். அத்தை கொஞ்ச தூரம் நடந்து, அங்கேயே நின்று, தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கிறாள். பக்கத்தில் நின்ற அடுத்தாத்து மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன அடக்கம் பாருங்கோ, தலையே நிமிரலை" என்றாள். மாமி உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். தான் ஒரு பெண்ணைக் கரையேற்றிவிட்டதாக அவள் கடைசிவரை நம்பினாள்.

அந்த ஆவணியில் வெயில் இறங்கியதா என்று கேட்பீர்கள். தகரத்துக்குக் கீழே என்ன நடந்ததோ, எனக்குத் தெரியாது. பின்னால் பெரியவளானதும் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டேன், அத்தை சொன்னது சரிதான் என்று. ஆனால் நானாக ஓர் ஆவணியிலும் வெளியே போய்ப் பார்க்கவில்லை. அது அத்தையுடையது. அவள் பார்க்காததை நான் முந்திக்கொண்டு பார்ப்பதற்கு மனம் வரவில்லை.

அப்பா ரிடையராகி, கண் மங்கி, சாய்வு நாற்காலியில் இருந்த காலத்தில் ஒருநாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, கைக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, வெளிச்சம் சுவரில் ஏறி ஆடுவதைக் காட்டினேன். அவருக்கு எவ்வளவு தெரிந்ததோ. பிறகு, "இதை யாராவது அப்பவே சொல்லியிருக்கப்படாதோ?" என்றார். சொன்னோமே அப்பா என்று வாய்வரை வந்தது. வயதானவரிடம் எதற்கு என்று விட்டுவிட்டேன். அவர் அடுத்த வருஷம் போய்விட்டார்.

இதற்கிடையில் கதை மட்டும் வளர்ந்தது. முதலில் குடும்பத்துக்குப் பயமாக இருந்த அது, காலம் போகப் போக வேடிக்கையாக ஆயிற்று. அத்தையின் கணவர் நல்ல மனிதர். அவரே, "என் ஆத்துக்காரிக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே லைட் ஹவுஸ் உத்தியோகம்" என்று கிண்டல் செய்வார். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பாள். நான் மட்டும் எழுந்துபோய் வெளியே நிற்பேன்.

போன பங்குனியில் அவரும் காலமானார். அத்தை டில்லியைக் காலி செய்துவிட்டு, எங்கள் ஊர்ப் பக்கமே கழக்கூட்டத்தில் ஐ.டி. பார்க்கில் வேலை செய்யும் மகன் வீட்டோடு வந்து சேர்ந்தாள். நான் கரமனையிலிருந்து பஸ் பிடித்து அவ்வப்போது போவேன். இந்த ஆவணி நடுவில் போனேன். நாள் பார்த்துத்தான் போனேன், அத்தையிடம் சொல்லவில்லை. மகன் ஆபீஸ் போயிருந்தான். மருமகள் மலையாளி. அத்தை அவளுக்கு 'அம்மை', நான் 'சேச்சி', அதாவது அக்கா. தமிழ் நன்றாகவே பேசுவாள், நடுநடுவே மலையாளத்துக்குத் தாவிவிடுவாள். அன்று வீட்டிலிருந்தே வேலை. மீட்டிங் முடிந்ததும் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சேச்சி, அம்மையோட லவ் ஸ்டோரி சேச்சிக்கும் அறியாமோ? கண்ணாடி, கிணறு, எஞ்சினீயர்... சினிமா போல இருக்கு, கேட்டோ. நான் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

அத்தை வழக்கம் போலக் கையை ஆட்டினாள். அவளுக்கு முட்டி போய்விட்டது, நாலுகால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அத்தை, மாடிக்குப் போய்ட்டு வரலாமா?" என்றேன். அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். "பன்னிரண்டு தாண்டட்டும். இப்போ போனா சும்மா நிக்கணும்" என்றாள். அவளும் நாள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

லிஃப்டில் மொட்டை மாடிக்குப் போனோம். தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் நின்றோம். வானம் மூடிக் கிடந்தது. கீழே ஹைவேயின் இரைச்சல்.

"டில்லியில இது வராதுடி" என்றாள் அத்தை. "எத்தனை ஆனி மாடியில போய் நின்னேன் தெரியுமோ? நிழல் கிட்டக்க கிட்டக்க வரும். காலடிக்கு வரவே வராது. அந்த ஊர் அப்படி. ஊருக்கு வந்தாலும் லீவுல வருவோம், ஆவணிக்கு முன்னாடி திரும்பிடுவோம்."

"எல்லாரும் அந்தக் கதையைச் சொல்றச்சே ஏன் அத்தை சும்மா இருக்கேள்? இல்லைன்னு சொல்லப்படாதோ?"

"முதல்ல சொல்லிப் பார்த்தேன். என்னை ஒரு மாதிரி பார்த்தா. காதல்னா எல்லாருக்கும் மனசிலாறது. கிணத்துல வெயில் விழறதைப் பார்த்தேன்னா யாருக்கு மனசிலாறது?" ஸ்டாண்டின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பையன் எப்படி இருப்பான்டி? நீயாவது பார்த்திருக்கியோ?" என்று கேட்டாள்.

"இல்லை அத்தை. நானும் பார்த்ததில்லை."

"அதானே" என்றாள்.

முகத்தைக்கூட அறியாத ஒருவனுக்காக இந்தப் பெண்ணின் படிப்பு போயிற்று. அவள் எவ்வளவு தூரம் போயிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை எங்கேயும் போகாமல் ஏதோ பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்திருப்பாள். அதையாவது அவளுக்கு விட்டு வைத்திருக்கலாம்.

மேகம் விலகியது. அத்தை ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குப் போனாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஸ்டாண்டின் நான்கு கால்களும் தரையில் நின்றன, ஒன்றுக்கும் நிழல் நீளவில்லை. எங்கள் இருவரின் நிழலும் எங்கள் செருப்புக்குக் கீழே போய்விட்டது. அத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஆவணின்னு சொன்னேனோல்லியோ?" என்றாள்.

"சொன்னேள் அத்தை."

"கரி இருக்கா?"

ஃப்ளாட்டில் கரிக்கு எங்கே போவது? என் கைப்பையில் புருவத்துக்குத் தீட்டும் பென்சில் இருந்தது. குனிய அவளால் முடியவில்லை. நான் ஒரு பழைய நாற்காலியை இழுத்துப் போட, அதில் உட்கார்ந்து, வலது கையால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் அதன் காலைச் சுற்றி ஒரு கோடு போட்டாள். பென்சில் முனை உடைந்து விரலெல்லாம் கறுப்பாயிற்று. "உங்கப்பா இருந்தா கூட்டிண்டு வந்து காமிச்சிருக்கலாம்" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கீழே வந்ததும் மருமகள் கதவைத் திறந்தாள். "இந்த வெயில்ல ரெண்டு பேரும் மேலே என்ன பண்ணினீங்க?"

"வெயில் பார்க்கப் போனோம்" என்றாள் அத்தை. கொஞ்சம் நின்று, நிதானமாக, "அன்னிக்கும் அதுதான்மா பார்த்தேன். கிணத்துல வெயில் எப்படி விழறதுன்னு. அங்கே ஒரு பையன் இருந்ததே எனக்குத் தெரியாது" என்றாள்.

மருமகள் அவளை அணைத்துக்கொண்டு சிரித்தாள். "அய்யோ, அம்மைக்கு நாணம் வந்தாச்சு."

"அத்தை சொல்றது நிஜம்" என்றேன் நான். "நான் கூடவே இருந்தேன்."

"சேச்சியும் அம்மையும் ஒரே செட்டு. அம்மை நல்லா பழக்கி வெச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, தட்டு எடுக்க உள்ளே போனாள். அன்பாகத்தான் சொன்னாள்.

அத்தை என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "சாப்பிடலாம்டி, நாழியாச்சு" என்று கை அலம்பப் போனாள். குழாயைத் திறந்து வலது கையை மட்டும் அலம்பினாள். பென்சில் கரி பட்ட இடது கையைத் தண்ணீருக்குக் காட்டாமல் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.